ஐந்து புத்தகங்களில் எதை முதலில் திறப்பது?

மதுரைக்கு அருகே ஒரு சிறு நகரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 29. பி.காம். முடித்து, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. மறுபடி வேலைக்குப் போக வேண்டும், அதுவும் இணையதளங்களில் பயனர் கண்ணில் படும் பக்கங்களை உருவாக்கும் ஃப்ரண்ட்எண்ட் வேலையாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, நான்கு மாதங்களுக்கு முன் ஐந்து புத்தகங்கள் வாங்கியிருக்கிறார். ஜான் டக்கெட்டின் 'எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ்', டக்ளஸ் கிராக்ஃபோர்டின் 'ஜாவாஸ்கிரிப்ட்: த குட் பார்ட்ஸ்', டேவிட் ஃபிளானகனின் 'ஜாவாஸ்கிரிப்ட்: த டெஃபினிட்டிவ் கைடு' ஏழாம் பதிப்பு, 2017இல் வந்த ஒரு ரியாக்ட் புத்தகம், ஜேகுவெரி பற்றி இன்னொன்று. (எச்டிஎம்எல் பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கட்டமைப்பது, சிஎஸ்எஸ் அதன் தோற்றத்தைத் தீர்மானிப்பது, ஜாவாஸ்கிரிப்ட் அதை இயங்க வைக்கும் நிரல் மொழி. ரியாக்டும் ஜேகுவெரியும் ஜாவாஸ்கிரிப்டில் எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள்.) முதல் இரண்டும் பழைய புத்தகக் கடையில் கிடைத்தவை.

'தடித்த புத்தகத்தில்தான் எல்லாம் இருக்கும் என்று ஃபிளானகனில் தொடங்கினேன். மூன்றாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். படிக்கும்போது புரிகிறது. மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. என் ஆங்கிலம் போதவில்லையா, மூளை போதவில்லையா என்று தெரியவில்லை' என்கிறார். ஐடி நிறுவனத்தில் இருக்கும் சித்தப்பா மகன், 'இப்போது எல்லாவற்றையும் ஏஐ எழுதிவிடும், புத்தகம் படிப்பது வீண் அக்கா' என்கிறாராம். உள்ளூர்ப் பயிற்சி மையம் ஒன்று ஆறு மாத வகுப்புக்கு 75,000 ரூபாய் கேட்கிறது, 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற விளம்பரத்துடன். கையில் இருப்பது நான்கு ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப். நேரம், குழந்தை தூங்கும் மதிய வேளை. எந்தப் புத்தகத்தை எந்த வரிசையில் படிப்பது, வகுப்பில் சேரலாமா, இந்த வயதில் இது நடக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மூளை விஷயத்தை ஓரமாக வைத்துவிடுவோம். ஃபிளானகனின் மூன்றாவது அத்தியாயம் மதிப்புகள், வகைகள், மாறிகள் பற்றியது. எண்களின் உள்ளமைப்பு, யூனிகோடு எழுத்துகள், வகை மாற்றத்துக்கான நீண்ட அட்டவணை என்று ஜாவாஸ்கிரிப்டின் நுணுக்கங்கள் அத்தனையும் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேறு ஏதாவது மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்களே அந்த இடத்தில் மெதுவாகத்தான் நகர்வார்கள். அது நல்ல நூல், நம்பகமான நூல். ஆனால் சந்தேகம் வரும்போது எடுத்துப் புரட்டுவதற்காக எழுதப்பட்டது. நிரலே எழுதியிராத ஒருவர் அதன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் மூன்றாவது அத்தியாயத்தில் நிற்பது இயல்பு. நீங்கள் தோற்கவில்லை. ஐந்தாவதாகத் திறக்க வேண்டியதை முதலில் திறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் ஓர் எண்ணம் பல இடங்களில் எட்டிப் பார்க்கிறது. சரியான புத்தகத்தைக் கண்டுபிடித்து அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தால் தொழில் கைக்கு வந்துவிடும் என்ற எண்ணம். ஃப்ரண்ட்எண்ட் வேலைக்குப் புத்தகம் அந்த வகையில் உதவாது. திறந்த புத்தகம் இடப்பக்கம், பிரவுசர் வலப்பக்கம், கை கீபோர்டில் என்று இருந்தால்தான் உதவும். எந்தப் புத்தகம் உங்களை ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் ஒரு முறை கீபோர்டுக்குத் துரத்துகிறதோ, அதுதான் இப்போதைக்கு உங்கள் புத்தகம்.

வாங்கியவற்றில் எது பயன்படும்

டக்கெட்டில் தொடங்குங்கள். 2011இல் வந்த நூல் என்பதால் பழையது என்று பலரும் தள்ளிவிடுவார்கள். பாதி சரி. பக்கத்துக்கு ஒரு கருத்து, வண்ணப் படம், குறைவான சொற்கள் என்று அமைந்த நூல் அது. ஆங்கிலம் மெதுவாக வாசிக்கும் உங்களுக்கு இதைவிடத் தோதான தொடக்கம் அச்சில் கிடைப்பது கடினம். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, படம், அட்டவணை, படிவம் ஆகிய எச்டிஎம்எல் அடிப்படைகள் அன்று இருந்தபடியே இன்றும் இருக்கின்றன. நிறம், எழுத்து, பெட்டி பற்றிய சிஎஸ்எஸ் அத்தியாயங்களும் அப்படியே.

ஆனால் இரண்டு இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுங்கள். ஒன்று, பக்கத்தில் அசைபடமும் காணொளியும் ஓட்டப் பயன்பட்ட ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருள் பற்றிய பகுதி. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று எந்த பிரவுசரிலும் அது ஓடாது. மற்றொன்று, பக்க அமைப்பு பற்றிய அத்தியாயம். பெட்டிகளை இடமோ வலமோ ஒதுக்கி, அதாவது 'ஃப்ளோட்' செய்து பக்கம் அமைப்பதையும் 960 பிக்சல் அகலத்துக்கு வடிவமைப்பதையும் அது கற்றுத் தருகிறது. கைபேசியில் பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அல்ல. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டை ஏற்றுக்கொண்ட பிறகு பக்கம் அமைக்கும் முறையே மாறிவிட்டது. அந்த ஓர் அத்தியாயத்துக்குப் பதிலாக, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா நடத்தும் எம்டிஎன் தளத்தின் கற்றல் பகுதியில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை), கிரிட் ஆகிய இரண்டு பாடங்களைப் படியுங்கள். இலவசம், தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது.

கிராக்ஃபோர்டின் நூல் 2008இல் வந்தது. மெலிந்த புத்தகம் என்பதால் எளிதாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு தலைமுறை நிரலாளர்களின் ரசனையையே மாற்றிய நூல் அது, அதை மதிக்கிறேன். ஆனால் ஏற்கெனவே அந்த மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, இதில் எதைப் பயன்படுத்தலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சொல்ல வந்தது. 2015 ஜூனில் ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. லெட், கான்ஸ்ட், அம்புக்குறிச் சார்புகள் (ஃபங்ஷன்கள்), கிளாஸ், மாட்யூல், பிராமிஸ் என்ற மொழிக்கூறுகள் எல்லாம் அதில் நுழைந்தவை. இன்று ஒரு நிறுவனத்தின் நிரலைத் திறந்தால் முதல் பத்து வரிகளில் நீங்கள் பார்க்கப்போவது இவற்றைத்தான். அந்த நூலில் இவை இருக்க வழியில்லை. இரண்டு ஆண்டு கழித்து எடுத்துப் படித்தால் சுவைப்பீர்கள், இப்போது வேண்டாம்.

ஜேகுவெரி இன்னும் ஏராளமான தளங்களில் உயிரோடு இருக்கிறது. ஒரு பழைய தளத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தால் தேவைப்படும். அப்போது ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். இப்போது அலமாரியிலேயே இருக்கட்டும்.

ரியாக்ட் புத்தகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் வந்த ரியாக்ட் 16.8இல் 'ஹூக்ஸ்' என்ற புதிய எழுத்து முறை அறிமுகமானது. அதற்குமுன் கிளாஸ் வைத்து எழுதிய கூறுகளை இன்று சார்புகளாக எழுதுகிறார்கள். உங்கள் 2017 புத்தகம் சொல்லித்தரும் எழுத்து முறையைப் புதிய திட்டங்களில் காண்பது அரிது. அது மட்டுமில்லை, அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவும் முதல் அத்தியாயத்தில் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியை நிறுவச் சொல்லும். 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டுவிட்டது. முதல் நாளிலேயே எச்சரிக்கைச் செய்திகளைப் பார்த்து, தவறு உங்களுடையது என்று நினைத்துக் குழம்புவீர்கள். ரியாக்டுக்கு அச்சுப் புத்தகமே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2023இல் முற்றிலும் புதிதாக எழுதி வெளியிட்ட அவர்களுடைய அதிகாரபூர்வ வழிகாட்டி, பயிற்சிகளோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் கைக்கு வந்த பிறகுதான். வேலை விளம்பரங்களில் ரியாக்ட் என்ற சொல்லைப் பார்த்து நேராக அதில் குதிப்பவர்கள், பிழை வந்தால் அது ரியாக்டின் பிழையா ஜாவாஸ்கிரிப்டின் பிழையா என்று பிரித்தறிய முடியாமல் மாதக்கணக்கில் திணறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

ஆக, ஜாவாஸ்கிரிப்ட் கற்க உங்களிடம் இப்போது தோதான நூல் இல்லை. பணம் செலவில்லாமல் இரண்டு வழிகள் உண்டு. இலியா காண்டோர் தொடங்கிய 'ஜாவாஸ்கிரிப்ட் டாட் இன்ஃபோ' என்ற இணைய நூல் சிறு சிறு பாடங்களாக, ஒவ்வொன்றின் முடிவிலும் பயிற்சிக் கணக்குகளோடு இருக்கிறது. உங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். மற்றொன்று மரைன் ஹேவர்பேக்கின் 'எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்'. நான்காம் பதிப்பு 2024இல் வந்தது, ஆசிரியரே இணையத்தில் முழுவதையும் இலவசமாக வைத்திருக்கிறார். யாரைக் கேட்டாலும் இதைத்தான் பரிந்துரைப்பார்கள், அதனால் ஓர் எச்சரிக்கை. அதன் நான்காவது அத்தியாயத்தில் அணிலாக மாறும் மனிதன் ஒருவன் தன் அன்றாட நிகழ்வுகளைக் குறித்து வைக்கிறான். எந்த நிகழ்வுக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு என்று ஒரு புள்ளியியல் சூத்திரம் கொண்டு கணக்கிடும் நிரல் அங்கே வருகிறது. அருமையான அத்தியாயம். ஆனால் பட்டியலும் (அரே) பொருளும் (ஆப்ஜெக்ட்) அறிமுகமான அதே மூச்சில் அந்தச் சூத்திரமும் வருவதால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் அங்கேதான் புத்தகத்தை மூடுகிறார்கள். காண்டோரின் முதல் பகுதியை முடித்துவிட்டு அங்கே போங்கள். அப்போது வேறு புத்தகம்போலத் தெரியும்.

ஒரே ஒரு புத்தகம் காசு கொடுத்து வாங்கலாம் என்றால், ஆறு மாதம் கழித்து கீத் கிரான்ட்டின் 'சிஎஸ்எஸ் இன் டெப்த்' இரண்டாம் பதிப்பு. 2024இல் வந்தது. சிஎஸ்எஸ் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை அவ்வளவு பொறுமையாக விளக்கும் நூல்கள் குறைவு. முதல் பதிப்பு 2018இல் வந்தது. பழைய கடையில் அது கிடைத்தாலும் மோசமில்லை.

கடையில் புரட்டும்போது பார்க்க வேண்டியவை

இனி நான் இல்லாமலே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். மறுஅச்சு ஆண்டு உங்களை ஏமாற்றும். முதன்முதலில் அந்தப் பதிப்பு எந்த ஆண்டுக்கு உரியது என்பதுதான் கணக்கு. பிறகு கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவுக்குப் போங்கள். சிஎஸ்எஸ் நூல் என்றால் கிரிட் என்ற சொல்லுக்கு எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அல்லது ஒற்றைப் பக்கம் மட்டும் என்றால் வைத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நூலில், இணையத்திலிருந்து தரவைக் காத்திருந்து வாங்கப் பயன்படும் அசிங்க், அவெய்ட், ஃபெட்ச் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ரியாக்ட் நூலில் ஹூக்ஸ் எங்கே வருகிறது என்று பாருங்கள். கடைசியில் ஓர் இணைப்பாக ஒட்டியிருந்தால் பழைய நூலுக்குப் புது அட்டை போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அதன்பின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியை வாசியுங்கள். மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு நிரல்துண்டு வருகிறதா, அந்த அத்தியாயத்தின் முடிவில் நீங்களே செய்து பார்க்கக் கணக்கு இருக்கிறதா? பயிற்சியே இல்லாத நூல் தொடக்கத்தில் உதவாது, எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் சரி.

மதுரை உங்களுக்குப் பக்கம் என்பதால், வாங்குமுன் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 2023 ஜூலையில் திறந்தது, புது நத்தம் சாலையில் இருக்கிறது. கணினிப் பிரிவில் கிடைப்பதை எடுத்து மேற்சொன்ன மாதிரி புரட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கென்றும் அங்கே தனிப் பிரிவு உண்டு. ஃபிளானகன், கிராக்ஃபோர்டு நூல்களை வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பகமான ஓரெய்லியின் வெளியீடுகளை இந்தியாவில் ஷ்ராஃப் பதிப்பகம் மறுபதிப்பாக, வெளிநாட்டு விலையைவிட மிகக் குறைவாகத் தருகிறது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும், ஜாவாஸ்கிரிப்ட் நூலுக்கு அது ஒரு குறையே இல்லை. டெலிகிராமில் யாரோ அனுப்பிய பிடிஎஃப் தொகுப்பு ஒன்றைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அனுமதியில்லாத நகல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நானூறு நூல்கள் உள்ள அந்தத் தொகுப்பில் எது எந்த ஆண்டு என்று பார்ப்பதிலேயே உங்கள் மதிய வேளைகள் போய்விடும். எழுதியவர்களே மனமுவந்து இலவசமாகக் கொடுத்த நூல்கள் மேலே இருக்கின்றன. அவை போதும்.

'படிக்கும்போது புரிகிறது'

வவுச்சர் பதியாமல் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் புத்தகத்திலேயே படித்துக் கற்றவர் யாரையாவது ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறீர்களா? இதுவும் அப்படித்தான்.

ஒரு சின்ன உதாரணம். அகலம் 300 பிக்சல் என்று ஒரு பெட்டிக்குச் சொல்கிறீர்கள். உள்ளே நான்கு பக்கமும் 20 பிக்சல் இடைவெளி, சுற்றி 5 பிக்சல் கோடு. திரையில் பெட்டியின் அகலம் எவ்வளவு? 300 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிரவுசர் 350 காட்டும். இருபுறமும் 20, இருபுறமும் 5, மொத்தம் 50 கூடிவிடுகிறது. 'பாக்ஸ்-சைசிங்' என்ற பண்பை 'பார்டர்-பாக்ஸ்' என்று மாற்றினால் 300க்குள் எல்லாம் அடங்கிவிடும். டக்கெட்டின் பெட்டி அத்தியாயத்தை வாசித்தால் தலையசைத்துவிட்டுப் போவீர்கள். நீங்களே தட்டச்சு செய்து, பிரவுசரில் வலது சொடுக்கி 'இன்ஸ்பெக்ட்' திறந்து, அங்கே அந்தப் பெட்டிக்கான வரியின் மேல் சுட்டியை வைக்கும்போது தெரியும் 350 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்தால் மறக்கமாட்டீர்கள்.

ஆகவே வாசிப்பு முறையைக் கொஞ்சம் மாற்றுங்கள். இரண்டு பக்கம் வாசியுங்கள். நிரலை நகலெடுத்து ஒட்டாமல் கையால் அடியுங்கள். ஓடியதும் ஓர் எண்ணை, ஒரு பெயரை மாற்றி என்ன ஆகிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே ஒரு அடைப்புக்குறியை அழித்து, என்ன பிழைச் செய்தி வருகிறது என்று படியுங்கள். அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்காமல் அதே சிறு பக்கத்தை மறுபடி எழுதப் பாருங்கள். மறந்துபோன இடத்தில் மட்டும் புத்தகத்தை எட்டிப் பார்க்கலாம், அதில் தவறே இல்லை. வேலையில் இருப்பவர்களும் நாள் முழுவதும் எம்டிஎன்னைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். இந்தத் தொழிலில் மனப்பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இந்த முறைக்கு உங்கள் லேப்டாப் தாராளம். ஒரு எடிட்டர், ஒரு பிரவுசர், அதில் இரண்டு மூன்று டேப்கள். நான்கு ஜிபி ரேம் இதற்குப் போதும். புதிய கணினிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எதைச் செய்து பார்ப்பது என்று கேட்டால், உங்களுக்கு நான் வேறு யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்வேன்: ஒரு ஜிஎஸ்டி பில் பக்கம். பொருள், அளவு, விலை, வரி விகிதம் கொடுத்தால் மத்திய, மாநில வரிகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பிரித்து, வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டியாக மாற்றி மொத்தம் காட்ட வேண்டும். எச்டிஎம்எல் கற்றதும் அதன் படிவத்தை அமையுங்கள். சேர்க்கும் பொத்தானை உண்மையான 'பட்டன்' கூறாகவே எழுதுங்கள். பொதுவான 'டிவ்' பெட்டிக்குப் பொத்தான் வேஷம் போட்டால் சுட்டியில் வேலை செய்யும், டேப் விசையில் நகர்ந்து வருபவருக்கு அது இருப்பதே தெரியாது. கீபோர்டில் பில் போட்டுப் பழகிய உங்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும். சிஎஸ்எஸ் கற்றதும் அதே பக்கத்தைக் கைபேசியிலும் தாளில் அச்சிட்டாலும் ஒழுங்காக இருக்கும்படி செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் கணக்கை ஓடவிடுங்கள்.

அப்போது ஒரு நாள் பைசா இடிக்கும். பிரவுசரில் 'இன்ஸ்பெக்ட்' திறந்தால் கிடைக்கும் கன்சோலில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரும முறையில் வைத்துக்கொள்வதால் பத்தில் ஒரு பங்கைத் துல்லியமாகப் பிடிக்க அதற்கு வழியில்லை. பெரும்பாலான மாணவர்கள் இதை ஒரு வேடிக்கையாகக் கடந்துவிடுவார்கள். ட்ரையல் பேலன்ஸில் ஒரு பைசாவைத் தேடி மாலை முழுக்க உட்கார்ந்த உங்களால் அப்படிக் கடக்க முடியாது. தொகையை ரூபாயாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டு, வரியை ஒரே இடத்தில் மட்டும் அருகிலுள்ள முழுப் பைசாவாக்கி, காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றலாம். ஒரு லட்சத்தை 1,00,000 என்று நம் முறையில் காட்டவும் ஜாவாஸ்கிரிப்டிலேயே வசதி உண்டு. 'இன்டல் நம்பர்ஃபார்மேட்' என்று எம்டிஎன்னில் தேடி, இந்திய ஆங்கிலத்துக்கான குறியீட்டைக் கொடுங்கள். இங்கேதான் ஃபிளானகனின் மூன்றாவது அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். உங்களை நிறுத்திய அதே பக்கங்கள் உங்கள் பில்லுக்குப் பதில் சொல்லும்.

ஆங்கிலம், அப்புறம் ஏஐ

ஆங்கிலம் ஒரு தடைதான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. தொழில்நுட்ப நூல்களின் சொற்தொகை சிறியது. முதல் இருநூறு பக்கங்களில் வரும் அதே சொற்கள்தான் கடைசி வரை வரும். புரியாத கருத்துக்குத் தமிழில் ஒரு துணை வேண்டும் என்றால், கணியம் அறக்கட்டளை வெளியிட்டிருக்கும் 'எளிய தமிழில்' வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நூல்கள் மின்னூலாக இலவசமாகக் கிடைக்கின்றன. வெளிவந்து பல ஆண்டுகள் ஆனவை என்பதால் பக்க அமைப்புக்கு அவற்றை நம்ப வேண்டாம். அடிப்படைக் கருத்தைத் தாய்மொழியில் ஒரு முறை வாசித்துவிட்டு அதே பகுதியை ஆங்கிலத்தில் வாசித்தால் வேகம் கூடும். தமிழில் மட்டுமே நின்றுவிடவும் வேண்டாம். பிழைச் செய்திகளும் அலுவலகக் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான் வரும்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. நீங்கள் கேட்டால் ஏஐ அந்த பில் பக்கத்தை ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடும். பைசா இடிப்பதை அது கவனித்ததா, வெளிமாநில வரி சரியா, கைபேசியில் படிவம் வெட்டுப்படுகிறதா என்று யார் பார்ப்பது? நிறுவனம் சம்பளம் கொடுப்பது அதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு. தம்பி ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர், அதனால் ஏஐ தரும் விடையில் தவறு இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. அந்தக் கண் உங்களுக்கு இனிதான் வர வேண்டும். எனவே இப்போதைக்கு ஏஐயை ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தராக வேண்டாம். புத்தகத்தின் ஒரு பத்தியைக் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய நிரலைக் கொடுத்து, விடையைச் சொல்லாமல் எந்த வரியில் தவறு என்று மட்டும் காட்டச் சொல்லுங்கள். பயிற்சிக் கணக்கை அதனிடம் செய்யச் சொன்னால், கற்பது நின்றுவிடும்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன்

வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒருவர் கேள்வி கேட்டால்தான் படிப்பு ஓடும் என்ற இயல்புள்ளவர்களுக்கு நல்ல வகுப்பு உதவும். ஆனால் 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற வாசகத்தை நம்பி 75,000 ரூபாய் கட்ட வேண்டாம். வேலை கொடுப்பது வேறு நிறுவனம். அதன் முடிவுக்கு இந்த மையம் எப்படி உறுதி தர முடியும்? பயிற்சி மையங்கள் இப்படிப் பொய்யான வேலை உறுதி தந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கவே, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அது ஆதாரமாகும்.

சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், சென்ற ஆண்டு படித்தவர்கள் எந்த நிறுவனத்தில் என்ன பொறுப்பில் சேர்ந்தார்கள், பாடத்திட்டம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது. மூன்றாவது கேள்விக்கான பதிலை, புத்தகங்களுக்குச் சொன்ன அதே அளவுகோலால் சோதியுங்கள். 2017 ரியாக்டை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கும் மையங்களும் உண்டு. இன்னொன்று, 'மாதத் தவணையில் கட்டலாம்' என்று நீட்டும் தாளை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல இடங்களில் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். வகுப்பு பிடிக்காமல் நீங்கள் நின்றாலும், மையமே மூடிப்போனாலும் தவணை கேட்டு போன் வந்துகொண்டே இருக்கும்.

என் யோசனை: டக்கெட்டையும் எம்டிஎன் பாடங்களையும் வைத்து முதல் மூன்று மாதம் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். அதன் முடிவில் உங்கள் பில் பக்கத்தின் படிவம் கைபேசியில் ஒழுங்காகத் தெரிந்தால் வகுப்பு தேவையில்லை. நீங்கள் தனியாகவே போகலாம். தெரியவில்லை என்றால் எந்த இடத்தில் சிக்கல் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதைச் சொல்லித்தரும் வகுப்பாகத் தேடலாம்.

வயதும் வேலையும்

29 வயது ஒரு தடையே இல்லை. இரண்டரை ஆண்டு இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள், குழந்தை பிறந்தது என்று நேராகச் சொல்லுங்கள். மறைக்க முயன்றால்தான் சந்தேகம் வரும். உண்மையான சிரமம் வேறு. தொடக்கநிலை ஃப்ரண்ட்எண்ட் வேலைகளுக்கு இப்போது போட்டி கடுமை. வீட்டிலிருந்தே செய்யும் வேலையை முதல் வேலையாகவே எதிர்பார்ப்பது இன்னும் கடினம், ஏனென்றால் புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கத்தான் நிறுவனங்கள் விரும்புகின்றன. மதிய வேளைகளை மட்டும் வைத்து வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். இதை வீட்டில் உள்ளவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆறாவது மாதத்தில் 'இன்னும் வேலை கிடைக்கவில்லையா' என்ற கேள்வி வந்தால் படிப்பு அங்கேயே நின்றுபோகும்.

அந்த ஓராண்டும் வருமானமே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த ஆடிட்டர்களிடம் மாதக் கணக்கு வேலையைப் பகுதிநேரமாகக் கேட்டுப் பாருங்கள். கணக்குத் தெரிந்த ஃப்ரண்ட்எண்ட் நிரலாளர்கள் குறைவு. பில்லிங், சம்பளப் பட்டியல், வரித் தாக்கல் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனங்கள் கோவையிலும் சென்னையிலும் மதுரையிலுமே இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் பொதுவான விளம்பரத்துக்கு ஆயிரம் பேரோடு விண்ணப்பிப்பதைவிட, இவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். பி.காம். என்பதையும் நான்கு ஆண்டு அனுபவத்தையும் விண்ணப்பத்தின் அடியில் ஒளிக்காமல் மேலேயே போடுங்கள். அதற்குக் கீழே பில் பக்கத்தின் இணைப்பு இருக்கட்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதை இலவசமாகவே இணையத்தில் ஏற்றி வைக்கலாம். நேர்காணலுக்கு அழைத்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து, பைசா ஏன் இடித்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதிலிருந்து பேசத் தொடங்குங்கள்.